டூயிஸ்பர்க் நோர்ட் பூங்கா: இடிக்காமல் மீட்டெடுத்த இரும்பாலை

ஜெர்மனியின் ரூர் பகுதியில், 1985இல் மூடப்பட்ட இரும்பாலையின் சுமார் 180 ஹெக்டேர் நிலத்தில் அமைந்த இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, இரவிலும் திறந்திருக்கிறது.

எம்ஷர் ஆற்றை ஒட்டிய தொழிற்பகுதியைப் புதுப்பிக்க 1989 முதல் 1999 வரை நடந்த எம்ஷர் பூங்காத் திட்டத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்றான இதை வடிவமைத்த நிலத்தோற்றக் கலைஞர் பீட்டர் லாட்ஸ், உலைகளை இடித்துத் தள்ளாமல் அவற்றுக்குப் புதிய பயன்களைத் தேடினார் என்பதே இதன் தனிச்சிறப்பு. தாதுக் கிடங்குகளின் சுவர்களில் இன்று மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. பழைய எரிவாயுக் கலனில் நீரை நிரப்பி முக்குளிக்கிறார்கள். ஐந்தாம் ஊதுலையின் உச்சிவரை ஏறலாம். படிகள் இரும்பாலானவை, செங்குத்தானவை; முதியோருக்கு அது எளிதன்று என்பது உண்மையான குறை.

என்னை மிகவும் கவர்ந்தது பூங்காவினூடே செல்லும் பழைய எம்ஷர் கால்வாய்தான். திறந்த சாக்கடையாக இருந்த அதன் கழிவுநீரை நிலத்தடிக் குழாயில் திருப்பிவிட்டு, கூரைகளில் விழும் மழைநீரை மேலே ஓடவிட்டிருக்கிறார்கள். எம்ஷர் ஆறு முழுவதும் கழிவுநீரிலிருந்து விடுபட 2021ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய பணிக்கு ஓர் அரசின் ஆட்சிக்காலம் போதவே போதாது.

ஆலை தந்த அளவுக்கு வேலைவாய்ப்பைப் பூங்கா தரவில்லை; ரூர் பகுதியில் வேலையின்மை இன்னமும் நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆயினும், தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வட்டாரத்துக்கே அந்த நிலத்தைப் பொதுவெளியாகத் திருப்பித் தந்த இந்தக் கொள்கையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.