முதல் இயந்திரம் எது: மினி எக்ஸ்கவேட்டரா, டிராக் லோடரா?

இரண்டு மூன்று ஆட்களை வைத்து லேண்ட்ஸ்கேப்பிங் தொழில் நடத்துபவர், புல்தரை, பூச்செடி, வேலி என்ற அளவைத் தாண்டித் தாங்குசுவர், கல்தளம், வடிகால் போன்ற வேலைகளை ஏற்கத் தொடங்கியதும் மண்வெட்டியின் எல்லை தெரிந்துவிடும். 20 மீட்டர் நீளமுள்ள ஒரு தாங்குசுவருக்கு 60 செ.மீ. அகலத்திலும் 50 செ.மீ. ஆழத்திலும் அடித்தளம் தோண்டினால் வெளியே வருவது 6 கனமீட்டர் மண்; ஈரமாக இருந்தால் அதன் எடை 10 டன்னை எட்டும். அதைக் கையால் தோண்டி அள்ளிப் போடுவதற்கு ஆகும் கூலியையும் நாட்களையும் கணக்குப் பார்க்கும் எவருக்கும், சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கிவிடலாமா என்ற எண்ணம் வருவது இயல்பு. எந்த இயந்திரம் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்த முடிவை நானும் எடுக்க வேண்டியிருந்தது. நீண்ட கையின் முனையில் உள்ள பக்கெட்டால் தோண்டும் மினி எக்ஸ்கவேட்டர்களில், 1.7 டன் எடை வகையைச் சேர்ந்த ஒன்றை வாங்கினேன். அதற்கு முன் அத்தகைய இயந்திரத்தையும் முன்பக்க பக்கெட்டால் அள்ளிச் சுமக்கும், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டிராக் (சுற்றி ஓடும் பட்டை) பொருத்திய லோடரையும் வாடகைக்கு எடுத்து, ஒரே மாதிரியான வேலைகளில் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடரைச் சொந்தமாக வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் தேய்மானம் பற்றி இங்கே எழுதுபவை, வாடகை இயந்திரங்களைக் கண்ணால் பார்த்ததிலிருந்தும், அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்ததிலிருந்தும் வந்தவை.

மற்ற தேர்வுகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஜேசிபி என்றே எல்லோரும் அழைக்கும் பேக்ஹோ லோடர் 7, 8 டன் எடையுள்ளது. வீட்டுத் தோட்டத்துக்குள் அது நுழைய வழி இருந்தாலும், போய்வந்த தடத்தைச் சரிசெய்வதே தனி வேலையாகிவிடும். சக்கரம் வைத்த ஸ்கிட் ஸ்டீர் லோடர் அதைவிடச் சிறியது, டிராக் லோடரைவிட விலையும் குறைவு. ஆனால் அதன் சக்கரங்கள் காரின் சக்கரம்போல் திரும்புவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கச் சக்கரங்கள் மெதுவாகவும் சுழல, வண்டி தரையில் இழுபட்டே திரும்பும். கடினமான தரையில் இது டயரைத் தின்னும், புல்தரையில் புல்லை வேரோடு உரித்துவிடும். பச்சைப் புல்லின்மேல் வேலை செய்து பிழைக்கும் தொழிலுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மிஞ்சுவது டிராக் லோடரும் மினி எக்ஸ்கவேட்டரும். அள்ளிச் சுமந்து செல்வதில் லோடரை எக்ஸ்கவேட்டரால் நெருங்கவே முடியாது. கல் அடுக்கிய பேலட்டைத் தூக்கிக்கொண்டு ஈர மண்ணில் அமிழாமல் போவதும், பரந்த நிலத்தை ஒரே சீராக இழுத்துச் சமன் செய்வதும் அதற்குக் கைவந்த கலை. தோண்டுவதில் நிலைமை நேர்மாறானது. 1.7 டன் எக்ஸ்கவேட்டர் 2.3 மீட்டர் அளவுக்கு ஆழம் போகும். டிராக்குகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் ஏறத்தாழ 1 மீட்டர் அகலமுள்ள பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, உள்ளே போனதும் அவற்றை விரித்து நிலையாக நின்றுகொள்ளும். இதெல்லாம் விற்பனையாளரே சொல்லிவிடுகிற விஷயம். அவர் அதிகம் பேசாத அண்டர்கேரேஜ், அதாவது டிராக்கும் அதைச் சுற்றவைக்கும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரமும், டிராக்கைத் தாங்கி வழிநடத்தும் ஐட்லர், ரோலர் என்ற உருளைகளும் அடங்கிய அடிப்பாகம்தான், என் முடிவைத் தீர்மானித்தது.

லோடருக்கு ஓட்டமே வேலை. மண்ணை அள்ள முன்னே போக வேண்டும், நிரம்பியதும் பின்னே வர வேண்டும், திரும்ப வேண்டும், கொட்டுமிடம்வரை போய் மறுபடி திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரம் வேலை நடந்தால் கிட்டத்தட்ட அந்த ஒரு மணி நேரமும் டிராக் சுழன்றுகொண்டே இருக்கும், அதுவும் பக்கெட்டில் முழுப் பாரத்தோடு. எக்ஸ்கவேட்டரோ ஓரிடத்தில் நின்று, மேற்பாகத்தை மட்டும் சுழற்றித் தோண்டிக் கொட்டுகிறது. கை எட்டும் தூரம் முடிந்த பிறகே ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ பின்னால் நகர்கிறது. ஆகவே இரண்டின் ஹவர் மீட்டரும் 1,000 மணி என்று காட்டினாலும், அடிப்பாகம் உழைத்த உழைப்பு ஒன்றாக இருக்காது. லோடரின் ரப்பர் டிராக்குக்கு 1,200 முதல் 1,600 மணி வரை ஆயுள் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு; கூரான உடைகல்லிலும் கான்கிரீட்டிலும் நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். டிராக்கை மட்டும் மாற்றினால் செலவு முடிந்துவிடுவதும் இல்லை. பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டின்மேல் புது டிராக்கைப் போட்டால் அந்தப் பல்லே புதிய டிராக்கைக் கெடுக்கும் என்பதால், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேர்கிறது. சிறிய நிறுவனத்துக்கு இது மாதாந்தரச் செலவாக வராமல், வேலை குவிந்திருக்கும் பருவத்தில் ஒரே அடியாக வந்து நிற்கும் செலவு.

எக்ஸ்கவேட்டருக்கும் தேய்மானம் உண்டு, அது வேறு இடத்தில் நடக்கிறது. பக்கெட், அதைத் தாங்கும் கை, கையைத் தாங்கும் பூம், பூமைப் பக்கவாட்டில் திருப்பும் முளை ஆகிய இணைப்புகளில் உள்ள பின்களும் அவற்றைச் சூழ்ந்த புஷ் வளையங்களும் தினமும் அழுத்தம் வாங்குகின்றன. இவற்றுக்குத் தினமும் வேலை தொடங்கும் முன் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கருத்த கிரீஸ் பிதுங்கி வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிப்பதே முறை. கால் மணி நேர வேலை, செலவு மிகக் குறைவு. ஒழுங்காகச் செய்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் இணைப்புகளில் ஆட்டம் வராது. லோடரில் ஓட்டத்தால் வரும் தேய்மானத்தை ஓட்டுநரின் கவனம் ஓரளவு குறைக்கலாமே தவிர, கிரீஸ் துப்பாக்கியால் நிறுத்த முடியாது. உரிமையாளரின் உழைப்பால் கட்டுப்படுத்தக்கூடிய தேய்மானம், பணத்தால் மட்டுமே ஈடுசெய்யக்கூடிய தேய்மானம் என்ற இந்த வேறுபாடு, கையிருப்பு குறைவாக உள்ள தொழிலில் மிகப் பெரியது.

எக்ஸ்கவேட்டரின் டிராக்கையும் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. பூமை ஒரு பக்கமாகத் திருப்பித் தரையில் ஊன்றி அந்தப் பக்கத்து டிராக்கை மேலே தூக்கினால், கீழ்ப்பகுதி தொய்ந்து தொங்கும். நடு ரோலருக்கும் டிராக்கின் உட்புறத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை என்பது வழக்கமான அளவு. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ளதே இறுதி. அதிகம் தொய்ந்தால் திருப்பத்தில் டிராக் கழன்றுவிடும், அதிகம் இறுகினால் ரோலரும் ஐட்லரும் மோட்டாரும் வீணாகச் சுமை தாங்கும். இறுக்குவதற்கு, ஒரு நிப்பிள் வழியாகக் கிரீஸ் ஏற்றினால் போதும். தளர்த்தும்போது அந்த வால்வின் முன்னால் முகத்தையோ கையையோ வைக்கவே கூடாது; உள்ளே இருக்கும் கிரீஸ் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் வெளியே பாயக்கூடும். மாலையில் ரோலர்களுக்கு இடையே அப்பியிருக்கும் களிமண்ணை அன்றே சுரண்டி எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு அது ரோலரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும், சுழலாத ரோலர் ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும்.

அடிப்பாகத்தின் நிலையே மறுவிற்பனை விலையையும் பெரிதும் தீர்மானிக்கிறது. பழைய இயந்திரம் வாங்க வருபவர், விவரம் தெரிந்தவராக இருந்தால், பெயின்டைப் பார்க்கமாட்டார். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் ஒருபக்கம் வளைந்து கூர்மையாகியிருக்கின்றனவா, டிராக்கின் வெடிப்பு வழியே உள்ளிருக்கும் எஃகு இழை தெரிகிறதா, டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டாரைச் சுற்றி எண்ணெய் கசிந்த ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அதைக் கையால் இடமும் வலமும் ஆட்டிப் பின்களில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று சோதிப்பார். நானும் வாங்கும்போது இதையே செய்தேன். ஒரே அளவு மணி நேரம் ஓடிய இயந்திரங்களில், ஸ்ப்ராக்கெட்டும் டிராக்கும் முடிந்துபோனதை வாங்குபவர் அவற்றின் முழு விலையையும் பேரத்தில் கழித்தே கேட்பார். லோடரை விற்பவருக்கு இந்தக் கழிவு வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

ஏற்றிச் செல்வதிலும் எரிபொருளிலும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது. 1.7 டன் இயந்திரத்தை, தகுந்த இழுவைத் திறனுள்ள பிக்கப்பின் பின்னால் இரட்டை அச்சு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம். டிராக் லோடர்கள் பெரும்பாலும் மூன்றரை டன்னுக்கு மேல் என்பதால் அதற்கு ஏற்ற பெரிய வண்டி வேண்டும். எக்ஸ்கவேட்டர் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் குடித்தால், லோடர் பல மடங்கு குடிக்கும். இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 போன்ற கடுமையான விதிகளில் 19 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின்களுக்குப் புகைத்துகள் கட்டுப்பாடு இறுக்கமானது, அதனால் அவற்றில் துகள் வடிகட்டி வருகிறது. 1.7 டன் இயந்திரங்களின் எஞ்சின் இந்த எல்லைக்குக் கீழேயே நிற்பதால், அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

இவ்வளவும் வாங்குவது என்று முடிவான பிறகே பொருந்தும். வாங்குவதா, வாடகையா என்பதற்கு, கடன் வட்டி, காப்பீடு, சர்வீஸ், மதிப்புக் குறைவு ஆகியவற்றை ஓர் ஆண்டுக்குக் கூட்டி, உண்மையில் ஓடக்கூடிய மணி நேரத்தால் வகுத்து, கிடைப்பதை வாடகையோடு ஒப்பிட வேண்டும். இதில் பெரும்பாலோர் மணி நேரத்தை மிகையாக மதிப்பிடுகிறார்கள். மழை, வரைபடம் முடிவாகாத நாட்கள், செடி நடும் வாரங்கள் எல்லாவற்றையும் கழித்தபின் எஞ்சுவதையே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த எண் சிறியதாக இருந்தால், வாங்காமல் வாடகையிலேயே தொடர்வது நல்லது.

புதிய மனைகளில் பெரிய பரப்பைச் சமன் செய்து புல் விரிப்பதே உங்கள் வேலையில் பெரும்பகுதி என்றால், என் வாதம் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. எக்ஸ்கவேட்டரின் முன் பிளேடால் குழியை மூடலாம், பெரிய பரப்பைச் சமன் செய்ய அது போதாது, தோண்டிய மண்ணை இருபது மீட்டர் தள்ளிக் கொண்டுபோகவும் தனியாக ஒரு சிறிய டம்பரோ தள்ளுவண்டியோ வேண்டும். என் வேலைகளில் தோண்டுதல் அதிகம், சுமத்தல் குறைவு. சமன் செய்யும் கட்டம் வரும்போது மட்டும் டிராக் லோடரை வாடகைக்கு எடுக்கிறேன். அந்த வேலைகளை முடிந்தவரை ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைத்துக்கொள்வதால், ஏற்றி இறக்கும் செலவு ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது.