தம்புரா ஆப்: ஆட்டோ அப்டேட்டா, கையால் அப்டேட்டா?

கச்சேரிக்குச் சுருதி போட மொபைலில் தம்புரா ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோ அப்டேட் வசதிதான். பிழைத் திருத்தங்கள் தானாக வந்து சேரும். ஆனால் மேடையேறும் நேரத்தில் திரையே மாறியிருக்கலாம், சேமித்து வைத்த ஐந்தரைக் கட்டை சுருதி அமைப்பு காணாமல் போயிருக்கலாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப ஆப் ஸ்டோரிலும் சரி, பிளே ஸ்டோரிலும் சரி, பொத்தான் கிடையாது.

கையால் செய்வது கொஞ்சம் தொல்லை. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஆண்ட்ராய்டில், பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் மூன்று புள்ளியைத் தொட்டால் அதற்கு மட்டும் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தலாம். ஐபோனில் மொத்தமாகத்தான் அணைக்க முடியும். அப்புறம், கச்சேரி இல்லாத வாரத்தில் அப்டேட் செய்து, ஸ்பீக்கரில் இணைத்து, திரை அணைந்த பிறகும் சுருதி நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் தள்ளிப்போடவும் கூடாது; ஓஎஸ் மாறினால் பழைய ஆப் திறக்காமலே போகலாம்.