அக்ளிமேஷன் பாக்ஸ்: ரெடிமேட் வாங்குவதா, கோயம்புத்தூரில் வெட்டி ஒட்டுவதா?

ஃபயர்ஃபிஷ், ராயல் கிராமா மாதிரி கூச்சப்படும் மெரைன் மீனை நேராக டேங்கில் விட்டால், பாறை இடுக்கில் போய் அண்டிக்கொள்ளும். தீனி போடும்போது எட்டிப் பார்த்தால், டேங்கில் ஏற்கெனவே இருக்கும் டேம்சல் மாதிரி சண்டைக்கார மீன் துரத்தும். சில நாளிலேயே வயிறு ஒட்டிவிடும். ஃபயர்ஃபிஷ்ஷாக இருந்தால் பயத்தில் டேங்கைவிட்டே குதித்துவிடும். இதற்குத்தான் அக்ளிமேஷன் பாக்ஸ், அதாவது புது மீனைப் பழக்கும் பெட்டி. டேங்குக்குள்ளேயே தொங்கவிடும், ஓட்டை போட்ட, தெளிவான அக்ரிலிக் பெட்டி இது.

புது மீனைவிடப் பழைய மீன்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது. வந்தவனை நாலு நாள் பார்க்கிறார்கள், முட்டிப் பார்க்கிறார்கள், கடிக்க முடியவில்லை, அலுத்துப் போய்விடுகிறார்கள். அதனால்தான் பெட்டி தெளிவாக இருக்க வேண்டும். வலைத்துணி கட்டிய, மீன்குஞ்சு வளர்க்கும் பெட்டி மலிவுதான், ஆனால் அதற்குள் ஒன்றும் சரியாகத் தெரியாது. துணியில் செவுளோர முள் சிக்கிக் காயமும் படும். கடல் மீனுக்கு அது வேண்டாம்.

ஆன்லைனில் கிடைக்கும் ரெடிமேட் பெட்டிகள் இரண்டு வகை. சக்ஷன் கப் ஒட்டியது முதல் வகை. உப்புத் தண்ணீரில், பாசி படிந்த கண்ணாடியில், அந்தக் கப் சில நாளிலேயே பிடி விட்டுவிடும். அக்ரிலிக் கடல்நீரைவிடக் கனம், அதனால் பெட்டி நேராக அடியில் போய் உட்காரும். மூடி திறந்துகொண்டால் நாலு நாள் உழைப்பும் போச்சு. இதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, காந்தம் வைத்தது. நல்லதுதான், ஆனால் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, எத்தனை மி.மீ. கண்ணாடிக்கு என்று போட்டிருக்கிறார்கள்? 8 மி.மீ.க்கு என்று எழுதியதை 12 மி.மீ. டேங்கில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி இறங்கும். இரண்டு, காந்தம் பிளாஸ்டிக்குள் முழுக்க அடைபட்டிருக்கிறதா? நியோடிமியம் காந்தத்தின் மேல்பூச்சில் பெரும்பாலும் நிக்கலும் செம்பும் இருக்கும். பூச்சு வெடித்தால் அது தண்ணீரில் கரையும். செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். விளிம்பில் துரு நிறம் தெரிந்தால் அன்றைக்கே வெளியே எடுத்துடுங்க.

எங்கள் ஓட்டு மூன்றாவது வழிக்கு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் நேம்போர்டுக்கு அக்ரிலிக் வெட்டும் லேசர் கடை இருக்கிறது. மிச்சம் விழுந்த 4 மி.மீ. ஷீட்டே போதும். 300 மி.மீ. நீளம், 150 அகலம், 150 உயரத்துக்குச் சொல்ல வேண்டிய அளவு: அடித்தட்டு 300×150 ஒன்று, நீளப்பக்கம் 300×150 இரண்டு, குறுக்குப்பக்கம் 142×150 இரண்டு, மூடி 300×150 ஒன்று. குறுக்கில் 8 மி.மீ. குறைவது இரண்டு நீளப்பலகையின் தடிமனுக்காக. ஓட்டை 5 மி.மீ., அடியிலும் இரண்டு நீளப்பக்கத்திலும். டிரில் வேண்டாம், லேசரில்தான் போடச் சொல்லுங்க. டிரில் போட்ட விளிம்பு பிசிறு விட்டு மீனின் தோலைச் சுரண்டும். நீளமான பிளவாகவும் வெட்டக்கூடாது, துடுப்பு மாட்டிக்கொள்ளும். நியான் கோபி மாதிரி ஒல்லிக்குச்சி மீனுக்கு 3 மி.மீ. போதும்.

ஒட்டுவதற்கு அந்தக் கடைகளில் குளோரோஃபார்ம்தான் விடுவார்கள், அதுவே சரி. சிலிக்கான் அக்ரிலிக்கில் நிலைத்துப் பிடிக்காது. ஒட்டியபின் இரண்டு நாள் காற்றாட வைத்து, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மோந்து பார்த்து வாசனை இல்லையென்றால்தான் டேங்குக்குள். தொங்கவிடக் கொக்கி வைப்பதானால், மேலே கண்ணாடிப் பட்டை ஒட்டிய டேங்கா என்று முதலில் பாருங்க. பட்டை இருந்தால் கொக்கி உட்காராது, காந்தம்தான்.

பையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் மீனைப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பெட்டி குவாரன்டைனுக்கு, அதாவது புது மீனை நோய் இருக்கிறதா என்று தனி டேங்கில் வைத்துப் பார்ப்பதற்கு, மாற்று இல்லை. வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி அந்த 5 மி.மீ. ஓட்டையில் தாராளமாக நீந்திப் போகும். சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் வரும் மீனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பைக்குள் சேர்ந்த கரியமிலவாயு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாக மாறும். அப்போது டேங்க் தண்ணீரைப் பைத் தண்ணீரில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவது மீனைக் கொல்லும். கடைக்காரரிடம் சாலினிட்டியை (தண்ணீரின் உப்பளவை) முன்கூட்டியே கேட்டு, குவாரன்டைன் தண்ணீரை அதே அளவுக்குக் கலந்து வைத்து, பையை மூடியபடி 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுங்க. கடைகள் பல ஒப்படர்த்தி 1.020 அளவில் வைத்திருப்பார்கள். டேங்கின் 1.025க்குக் குவாரன்டைனிலேயே சில நாளில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

குவாரன்டைன் முடிந்த மீனுக்குத்தான் பெட்டி. முந்தின நாளே காலிப் பெட்டியைத் தொங்கவிட்டால் பழைய மீன்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். அலை கிளப்பும் வேவ்மேக்கர் பம்ப் நேராக அடிக்காத, ஆனால் தண்ணீர் அசையும் இடமாகப் பாருங்க. அசைவே இல்லாத மூலையில் ராத்திரி பெட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் இன்னும் மோசம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் பக்கத்தில் இருந்தால் மீன் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்க.

உள்ளே முக்கால் இன்ச் பிவிசி பைப் துண்டு ஒன்று கட்டாயம். ஒளிய இடம் இல்லாத தெளிவான பெட்டி மீனுக்குச் சித்திரவதை. மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகை மீன் என்றால் சின்னக் கிண்ணத்தில் இரண்டு இன்ச் மணல் வேண்டும். முதல் நாள் லைட்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் 10 மி.லி. சிரிஞ்சில் ஏர் டியூப் மாட்டி, ஐந்தாறு மைசிஸ்ஸை (தீனிக்கு விற்கும் பொடி இறால்) மட்டும் பைப் வாய்க்கு எதிரே மெதுவாக விடுங்க. அதே நேரம் வெளியேயும் அதே பக்கம் தீனி போடணும். உள்ளேயும் வெளியேயும் ஒட்டுக்காச் சாப்பிட்டால் சண்டை சீக்கிரம் அடங்கும். தின்னாத மிச்சத்தை அதே சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துடணும்.

ஃபயர்ஃபிஷ் தேறிவிட்டதா என்று முதுகுத் துடுப்பைப் பார்த்தே சொல்லலாம். மிரண்டிருக்கும்போது பைப்புக்குள் நிறம் வெளுத்துக் கிடக்கும். நிம்மதி வந்ததும் நடுத் தண்ணீரில் நின்று, அந்த நீளமான முன் முள்ளை விட்டுவிட்டுச் சொடுக்கும். டேம்சல் பக்கத்தில் வந்து போகும்போதும் அது நின்ற இடத்திலேயே நின்றால் திறக்கலாம். சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். வாரத்துக்கு மேல் அடைத்து வைக்க வேண்டாம். சர்ஜன், அதாவது டேங் வகை மீனுக்கு இந்த அளவுப் பெட்டி ஒரு நாளைக்கே நெருக்கடி. நாள் முழுக்கப் பாறையில் பொடி உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் மாண்டரின் மீனுக்கும் இது ஒத்துவராது.

திறக்கும்போது வலை போட்டுப் பிடிக்காதீங்க. லைட் அணைந்தபின் பெட்டியைக் கொஞ்சம் தாழ்த்திச் சாய்த்து, மூடியைத் தள்ளி வைத்தால் தானே வெளியே போகும். டேங்க் மூடி மட்டும் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். காலிப் பெட்டியை இன்னும் இரண்டு நாள் அப்படியே விட்டு வையுங்க. துரத்தல் வந்தால் பழகின பைப்பைத் தேடி மீன் மறுபடி அதற்குள்ளேயே வந்து படுத்துக்கொள்வதும் உண்டு.