பார்க்கின்சன் நடை: ஸ்டாப்வாட்ச்சா, நாற்காலியா, மூன்று கேள்விகளா?

பார்க்கின்சன் நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோருடைய கண்ணும் கையின்மேல்தான் போகிறது. என் மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தபோது நாங்களும் காபி டம்ளர் தளும்புவதையே கவனித்துக்கொண்டிருந்தோம். அவர் நடை குறுகியதை யாரும் பார்க்கவில்லை. விழக்கூடியவரை முன்கூட்டியே அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அவரிடம் செய்து பார்த்திருக்கிறோம்.

முதலாவது, நடை வேகம். காசு செலவில்லை. தரையில் இரண்டடி டைல்ஸ் பதித்திருந்தால் பத்துக் கல் ஏறக்குறைய 6 மீட்டர். முன்னும் பின்னும் இரண்டு எட்டு கூடுதலாக விட்டு, வழக்கம்போல நடக்கச் சொல்லி, அந்தப் பத்துக் கல்லைக் கடக்கும் நேரத்தை மட்டும் குறிக்க வேண்டும். ஐந்தரை வினாடியைத் தாண்டினால் வேகம் வினாடிக்கு 1.1 மீட்டருக்குக் கீழே. மாமனாருக்குக் காலை மாத்திரைக்கு முன் எட்டு வினாடி. அதிலுள்ள லெவோடோபா மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஆறு. ஆகவே எந்த நேரத்தில் அளந்தோம் என்று எழுதி வைக்காத எண்ணுக்கு மதிப்பில்லை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. உடல் முன்னால் சாய, கால்கள் குட்டிக் குட்டி எட்டுகளாக அதைத் துரத்திக்கொண்டு ஓடும் நடையை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே எழுதியிருக்கிறார். ஸ்டாப்வாட்ச் அதை நல்ல வேகம் என்றே சொல்லும்.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. 1991இல் முதியோருக்காக வந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டு அத்துடன் விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது திரும்பும் இடத்தை. மாமனார் அங்கே எட்டுச் சின்ன அடிகள் வைத்தார். நாற்காலியை முழுக்க நெருங்குமுன்பே உட்காரப் போனார். இவற்றை எந்த எண்ணும் காட்டாது.

மூன்றாவது, 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. 205 நோயாளிகளை ஆறு மாதம் கவனித்து, மூன்றே விஷயங்களில் கணக்கை முடித்தார்கள். கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா? 6 மதிப்பெண். கடந்த மாதம் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டதா? 3. வேகம் 1.1 மீட்டருக்குக் கீழா? 2. எதுவுமே இல்லாதவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு 17 சதவீதம், 2 முதல் 6 வரை பெற்றவர்களுக்கு 51, அதற்குமேல் 85.

துல்லியத்தில் இதுதான் முந்துகிறது, வாதமே வேண்டாம். ஆனால் அதிக மதிப்பெண் கொண்ட கேள்வி, ஒருவர் ஏற்கெனவே விழுந்த பிறகுதான் பேசத் தொடங்குகிறது. பெரியவர்களோ விழுந்ததைச் சொல்வதில்லை. மாமனார் முழங்கைச் சிராய்ப்புக்குக் கதவைக் காரணம் காட்டினார். இதுவரை விழாதவருக்கு, கால் ஒட்டிக்கொள்ளாதவருக்கு, எச்சரிக்கை தர மிஞ்சுவது அந்த 2 மதிப்பெண் வேகம் மட்டும்.

என் தேர்வு ஆளைப் பொறுத்து மாறும். விழாதவரென்றால் மாதம் ஒருமுறை, மாத்திரை போட்டு அதே இடைவெளியில், அதே பத்துக் கல். ஒருமுறை விழுந்துவிட்டவருக்கு ஸ்டாப்வாட்ச் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப்போய், அவர் திரும்பும் விதத்தைக் காட்டுங்கள். மாமனார் இரண்டாவது வகை. காபி இப்போது அவர் நாற்காலிக்கே போய்விடுகிறது. கையில் டம்ளருடன் அடுக்களை வாசலில் அவர் திரும்புவதில்லை.