பைத்தானின் ஸ்பிளிட்: பல வருஷம் புழங்கிய பிறகு

தமிழ் உரைகளைச் சுத்தம் செய்து சொற்பட்டியல் எடுப்பதுதான் என் வேலையில் பாதி. அதற்குப் பைத்தான் என்ற நிரல் மொழியில் நான் அதிகம் கூப்பிடுவது ஸ்பிளிட் (split), அதாவது உரையைத் துண்டுகளாக வெட்டி லிஸ்டாகத் தரும் ஃபங்ஷன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் அபிப்பிராயம் இதுதான்: ஒரே பெயரில் இரண்டு வேலையைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

அடைப்புக்குள் ஒன்றும் கொடுக்காவிட்டால் ஸ்பேஸ், டேப், புதுவரி எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே வெட்டு. முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதும் போய்விடும். மேற்கோளுக்குள் ஒரு ஸ்பேஸ் வைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் தனி வெட்டு. 'அம்மா', 'வந்தாள்' இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்பேஸ் விழுந்திருந்தால் இடையில் ஒரு காலி ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத துண்டு) முளைக்கும். காலி வரியைக் கொடுத்தால் முதல் வகை காலி லிஸ்ட் தரும். இரண்டாவது, காலி ஸ்ட்ரிங் ஒன்றை உள்ளே வைத்துத் தரும். சொல் எண்ணினால் ஒன்றுமில்லாத வரிக்கும் 1 என்று வரும்.

ரூபி, பெர்ல் மொழிகளில் ஒற்றை ஸ்பேஸ் கொடுத்தாலே, ஆக் (awk) என்ற உரைக்கருவியின் பாணியில், சேர்ந்து வரும் ஸ்பேஸ்களை மொத்தமாக வெட்டும். அங்கிருந்து வருகிறவர்கள் பைத்தானில் முதலில் குழம்புவது இங்கேதான். கோ மொழியில் வேலைக்கு ஒன்றாக ஃபீல்ட்ஸ், ஸ்பிளிட் என்று இரண்டு தனி ஃபங்ஷன்கள். அதுதான் நேர்மையான ஏற்பாடு.

தமிழ் உரைக்கு வருவோம். இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த உரையில் நோ-பிரேக் ஸ்பேஸ் (அந்த இடத்தில் வரி உடையாமலிருக்கப் போடும் ஸ்பேஸ்) நிறைய இருக்கும். ஒன்றும் கொடுக்காத ஸ்பிளிட் யூனிகோட் கணக்குப்படி அதையும் வெட்டிவிடும். எழுத்தாக மாற்றாமல் பைட்ஸாகவே வைத்துக்கொண்டு வெட்டினால், ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்துத் தொகுதியில் உள்ள ஸ்பேஸ்களை மட்டும்தான் பார்க்கும். ஆகவே டீகோட் செய்து, அதாவது எழுத்தாக மாற்றிவிட்டு வெட்டுவதே நல்லது.

கண்ணுக்கே தெரியாத ஜீரோ விட்த் ஸ்பேஸ்தான் பெரிய தொல்லை. பெயரில் ஸ்பேஸ் இருக்கிறதே தவிர, யூனிகோட் அதை வெற்றிடமாக எண்ணுவதில்லை. ஸ்பிளிட்டும் தொடாது, ஓரத்து வெற்றிடங்களை உரிக்கும் ஸ்ட்ரிப்பும் தொடாது. எழுத்துகள் ஒன்றுசேராமல் தடுக்கும் ஜீரோ விட்த் நான்-ஜாய்னரும் அப்படியே. இவற்றில் ஒன்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டால் பட்டியலில் 'தமிழ்' இரண்டு தடவை வரும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. க், ஷ இரண்டும் க்ஷ ஆகச் சேராமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று யாராவது வேண்டுமென்றே நான்-ஜாய்னரைப் போட்டிருக்கலாம். வெட்டிய பிறகு, ஒவ்வொரு சொல்லின் இரு ஓரத்திலும் மட்டும் அந்த எழுத்துகளை ஸ்ட்ரிப் செய்கிறேன்.

கட்டங்களை டேப்பால் பிரித்த அட்டவணைகளுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்காத ஸ்பிளிட் கூடவே கூடாது. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் இரண்டு டேப் ஒன்றாகிவிடும். அடுத்த கட்டங்களெல்லாம் இடப்பக்கம் நகரும், எரர் எதுவும் வராது. டேப்பையே கொடுத்து வெட்ட வேண்டும். அதற்கு முன் வரிக்கடைசியில் புதுவரியை மட்டும் எடுத்தால் போதும்; வெறும் ஸ்ட்ரிப் போட்டால் ஓரத்துக் காலிக் கட்டங்களும் சேர்ந்து போகும்.

லாக் வரிகளுக்கு (நிரல் நடந்ததைக் குறித்துவைக்கும் வரிகள்) மேக்ஸ்ஸ்பிளிட் அருமை; எத்தனை வெட்டோடு நிறுத்த வேண்டும் என்று ஸ்பிளிட்டுக்கு அதில் சொல்லலாம். தேதி, நேரம், நிலை மூன்றையும் பிரித்தபின் மீதிச் செய்தி தன் ஸ்பேஸ்களோடு அப்படியே கிடைக்கும்.

உரையை வரிவரியாக வெட்டும் ஸ்பிளிட்லைன்ஸை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அது ஃபார்ம் ஃபீட் என்ற பக்கமாற்றக் குறியிலும் வெட்டும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையில் பக்கத்துக்குப் பக்கம் அது இருப்பதுண்டு. அப்போது வரி எண் எடிட்டர் காட்டுவதோடு ஒத்துப்போகாமல் போகலாம். வரி எண் முக்கியம் என்றால் ஃபைலையே லூப்பில் வரிவரியாகப் படித்துக்கொள்கிறேன்.