சூலேயிலிருந்து இன்சேனுக்கு: பஸ்ஸா, வட்ட ரயிலா?

தமிழ்நாட்டிலிருந்து ரங்கூனுக்கு (இன்றைய யாங்கூன்) வரும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பயணத் திட்டம் வைத்திருப்பார்கள். 1964-க்குப் பிறகு கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு, வடக்கே இன்சேனிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்படுவார்கள். எப்படிப் போவது என்று கேட்டால் “டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஸ்ஸும் இருக்கிறது, நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலும் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலர் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ரயிலை அறவே மறந்துவிட்டார்கள். அந்த மறதி சரியல்ல என்பதால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் வழி. நகர நடுவிலுள்ள சூலே பகோடாவின் பக்கம் பஸ் ஏறினால், பியே சாலையில் மியேனிகோன், லேடான் என்று வடக்கே போய், லேடானில் இடப்பக்கம் இன்சேன் சாலைக்குத் திரும்பி, தமைங் வழியாக இன்சேனுக்குப் போய்விடலாம். பெரிய சுற்று எதுவும் இல்லை. ரயில் அப்படிப் போவதில்லை. மத்திய நிலையத்திலிருந்து மேற்கே கிளம்பி, லான்மடோ, அலோன் என்று ஆற்றுப் பக்கமாக வளைந்து, கெமண்டைனைத் தொட்ட பிறகுதான் லேடானுக்கு வருகிறது. 1877-ல் ஆங்கிலேயர் ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு (இன்றைய பியே) போட்ட இருப்புப்பாதையின் தடம் அது. இன்று இன்சேனுக்குப் போகிறவர் அதே வளைவைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. வட்டம் முழுவதும் 45.9 கிலோமீட்டர், 39 நிலையங்கள். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்பது நெடுநாள் கணக்கு. அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர் போட்டி போடக்கூடிய வேகம். ஜப்பான் கடனுதவியோடு தண்டவாளத்தையும் சிக்னலையும் திருத்தும் வேலை நடந்ததில் சில பகுதிகளில் ஓட்டம் சீராகியிருக்கிறது. ஆனாலும் வேகத்தைச் சொல்லி யாரையும் ரயிலுக்கு அழைக்க முடியாது.

பஸ்ஸைப் பற்றிப் பேசினால் 2017-ஐத் தாண்டிப் பேச முடியாது. அதற்கு முன் இந்த ஊரில் ஓடிய பஸ்களை நினைவு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். உரிமையாளர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர், சபேயா எனப்படும் நடத்துநர் ஒருவர். வண்டியை அன்றைய வாடகைக்கு எடுத்து, வாடகையும் எரிபொருளும் போக மிஞ்சுவதுதான் கூலி. ஆகவே எத்தனை தலை ஏறுகிறதோ அத்தனை வருமானம். ஒரே தடத்தில் இரண்டு வண்டிகள் பின்னாலும் முன்னாலும் வந்துவிட்டால் பந்தயம்தான். படியில் ஒரு காலை வைத்தபடி சபேயா ஊர்ப்பெயர்களை அடுக்கிக் கூவுவான். “லேடான் பாலா?” (லேடானில் இறங்க ஆள் உண்டா?) என்று அவன் கேட்டதும் இறங்க வேண்டியவர் “பாதே!” (உண்டு!) என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் எழும்பாத கிழவிகள் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் விட்டுச் சென்ற செவர்லே லாரிகளின் மேல் மரக்கூடு கட்டி ஓட்டிய வண்டிகளும் நெடுங்காலம் இங்கே ஓடின. 1970-ல் நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிய பிறகு, ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களின் வாசல் நடுச்சாலையைப் பார்த்து நின்றது. வலப்பக்கச் சுவரை அறுத்து வேறு வாசல் வைத்துக்கொண்டார்கள்.

2017 ஜனவரி 16 அன்று ஒய்பிஎஸ் (யாங்கூன் பஸ் சர்வீஸ்) என்ற புதிய பஸ் அமைப்பு வந்தது. நூற்றுக்கணக்கான பழைய தடங்களை மூடி, எழுபதுக்கு அருகில் புதிய தடங்கள் வகுத்தார்கள். சீனாவிலிருந்து புதிய வண்டிகள் வந்தன. சபேயாக்கள் இறக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு கட்டணப் பெட்டி. ஆரம்பத்தில் கட்டணம் 200 கியாட்; பெட்டி சில்லறை கொடுக்காது. ஆயிரம் கியாட் நோட்டோடு ஏறியவர் என்ன செய்வார்? பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பின்னால் ஏறுகிறவர்களின் இருநூறுகளைக் கையில் வாங்கி, நான்கு சேர்ந்ததும் தன் ஆயிரத்தைப் பெட்டியில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் நோட்டை நீட்டுவார்கள், அவரும் ஒழுங்காகக் கணக்கு முடித்துவிட்டு உள்ளே நகர்வார். தகராறு வந்து நான் பார்த்ததில்லை. இந்த ஊர் மக்களின் நேர்மையை அறிய அதைவிட வேறு எதுவும் வேண்டாம். பிறகு கட்டண அட்டை வந்தது. இயந்திரத்தில் தட்டிவிட்டு ஏறலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்குள்ள சொந்தக்காரரின் அட்டை ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது.

பஸ்ஸின் பெரும்பலம் எண்ணிக்கை. சூலேயில் நின்றால் இன்சேன் பக்கம் போகும் வண்டி ஒன்று போனாலும் இன்னொன்று வரும். எரிபொருள் தட்டுப்பாடு வந்த நாட்களில் காத்திருப்பு நீண்டதுண்டு, அது உண்மைதான். ஆனாலும் சாதாரண நாளில் காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்கு முன் என்றால் யோசிக்கவே வேண்டாம், பஸ்தான். பியே சாலையின் மர நிழலில் ஜன்னல் இருக்கை கிடைத்துவிட்டால் பயணம் சுகமாக முடிந்துவிடும்.

மாலையில் கதை மாறுகிறது. லேடான்தான் இந்த வழியின் கழுத்து. பல்கலைக்கழகம், சந்தை, தேநீர்க்கடைகள், இரண்டு பெரிய சாலைகள் பிரியும் முனை, எல்லாம் ஒரே இடம். 2013-ல் மேம்பாலம் கட்டினார்கள். மேலே போகிற கார்களுக்கு வழி கிடைத்தது. பஸ்ஸோ ஆள் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அது பாலத்துக்குக் கீழேதான் ஊர்ந்தாக வேண்டும். ஐந்து மணிக்கு மியேனிகோனைத் தாண்டிவிட்ட பஸ் எத்தனை மணிக்கு இன்சேன் போகும் என்று ஓட்டுநராலும் சொல்ல முடியாது. நகரத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் நெரிசலில் புகுந்து போகவும் வழியில்லை. நின்றபடி, பக்கத்திலிருப்பவர் பை விலாவில் இடிக்க, வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கைக்குழந்தையோடு வருகிறவர்களை அந்த நேரத்தில் பஸ் ஏறச் சொல்லவே மாட்டேன்.

இங்கேதான் ரயில் கைகொடுக்கிறது. அதற்கு லேடான் நெரிசல் ஒரு பொருட்டே இல்லை. மத்திய நிலையத்திலிருந்து இன்சேனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்; காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். ஒரு மணி நேரம் அதிகம் என்று முகம் சுளிக்கிறவர்கள், மாலை நேர பஸ்ஸில் தாங்கள் செலவழித்ததைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: ஒரு வண்டியை விட்டுவிட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். பஸ்போல அடுத்தடுத்து வராது. ஆகவே நிலையத்தில் நேர அட்டவணையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் ரயில் பயன்படும். கோயிலிலிருந்து மத்திய நிலையத்துக்கு நடக்கும் தூரம்தான். போஜோக் சந்தைப் பக்கம் வேலை இருந்தால் பயா லான் நிலையம் இன்னும் வசதி.

ரயிலின் உண்மையான பெருமை இன்சேனையும் தாண்டிச் சிறிது தூரத்தில், டன்யின்கோனில் இருக்கிறது. அங்கே நிலையத்தை ஒட்டிப் பெரிய காய்கறிச் சந்தை. வண்டி நிற்பதற்குள் மூட்டைகள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழும். புளிச்சக்கீரைக் கட்டுகள், வள்ளைக்கீரை, முருங்கைக்காய், வாழைப்பூ. பெட்டியின் இரு ஓரங்களிலும் நீளமாக இருக்கை, நடுவில் காலி இடம். அந்தக் காலி இடம் முழுவதும் கீரை நிரம்பிவிடும். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே பெரிய கட்டைப் பிரித்து, வாடிய இலையைக் கிள்ளி எறிந்து, வாழைநாரால் சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டே வருவார்கள். அவரவர் பேட்டை நிலையம் வருவதற்குள் விற்பனைக்குச் சரக்கு தயாராகிவிடும். தாம்வேயில் இறங்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவரிடம் ஏன் பஸ்ஸில் போவதில்லை என்று கேட்டேன். “இந்த மூட்டையை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள், தம்பி?” என்றார், கட்டுவதை நிறுத்தாமலே. பஸ் கட்டணப் பெட்டியோடு வந்த நாளிலிருந்து மூட்டை முடிச்சுக்காரர்களுக்கு அதில் இடமில்லாமல் போய்விட்டது. நகரத்தின் அன்றாடக் கீரைக்கும் காய்க்கும் ஒரு பங்கு இந்த ரயிலில்தான் வருகிறது. அதை மெதுவான வண்டி என்று ஒதுக்கிவிட்டால் அந்தப் பெண்களின் பிழைப்புக்கு யார் பதில் சொல்வது?

புதிய பெட்டிகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது; பாதுகாப்புக்கு அது நல்லதுதான். மூட்டை ஏற்ற நேரம் கொடுத்துக் கதவை மூடினால் இன்னும் நல்லது. ஜப்பானில் ஓடி ஓய்ந்து இங்கே வந்த பெட்டிகளில் ஜப்பானிய எழுத்துகள் அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்கு அதை வேடிக்கை காட்டலாம்.

டாக்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீட்டர் போடும் வழக்கம் கிடையாது, ஏறுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் வண்டியென்றால் பின்பெட்டியில் பாதியை உருளையே அடைத்துக்கொள்ளும், பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏற வேண்டும். மாலையில் அதுவும் லேடானில்தான் நிற்கப் போகிறது, பஸ்ஸைவிடப் பல மடங்கு காசு வாங்கிக்கொண்டு. இரவு நேரத்துக்கும், நோயாளிக்கும் அதுதான் சரி. 2017-ல் தொடங்கிய ஆற்றுப் படகு நல்ல யோசனை. ஆனால் துறையில் இறங்கியதும் வீட்டுக்கு இன்னொரு வண்டி தேட வேண்டும்.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இந்த ஊரில் வானம் பொத்துக்கொள்ளும். நகரத்து நடுவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போது பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பதைவிட, நிலையத்துக் கூரைக்குக் கீழே காத்திருப்பது மேல். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் ரயிலும் தடுமாறும் என்பதை மறைக்க மாட்டேன். ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வரும். நம் சித்திரை முதல் நாளும் அதற்குள்ளேயே விழுகிறது. அந்த நாட்களில் பஸ் குறைந்துவிடும், சாலையில் தண்ணீர் அடிப்பவர்கள் கோயிலுக்குப் பட்டுடுத்திப் போகிறவரையும் விடமாட்டார்கள். புத்தாண்டு அர்ச்சனைக்கு நகரத்துக்குள் வர நினைக்கிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். காலையும் நண்பகலும் பஸ். மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை ரயில், அதுவும் அட்டவணை பார்த்து. முதியவர்களோடு வருகிறவர்கள் எந்த நேரமானாலும் ரயிலில் போகலாம். நின்று தள்ளாட வேண்டியதில்லை, பஸ்ஸைப்போலச் சட்டென்று பிரேக் போடுவதில்லை. ஒரு விஷயம் மட்டும்: வண்டி இரண்டு திசையிலும் சுற்றுகிறது. இன்சேன் போகிறவர் பசுண்டாங் பக்கம் போகும் வண்டியில் ஏறிவிட்டால், தாம்வே, ஒக்கலாப்பா, மிங்கலடோன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாமா வீட்டுக்குப் போக முடியும். ஏறுவதற்கு முன் “கெமண்டைன் வழியா?” என்று நடைமேடையில் யாரிடமாவது கேட்டுவிட்டு ஏறுங்கள்.