கோழி வாசனைப் பேஸ்ட்டும் 48 நாள் விரதமும்: நாலு வருஷமா நாய்க்குப் பல் தேய்க்கிறவன் சொல்றேன்

ஆபீஸ்ல கூட வேலை செய்யிற அக்கா ஒருத்தவங்க போன வாரம் கேட்டாங்க, "தம்பி, உங்க மைலோவுக்கு என்னமோ பேஸ்ட்டு போட்டுத் தேய்ப்பீங்களே, அது நெசமாவே வேலை செய்யுதா, இல்ல சும்மா காசு பிடுங்குறானுங்களா?" அவங்க ஷிட்சு நாய்க்கு ஸ்கேலிங் (பல்லுல கல்லா இறுகின காரையச் சுரண்டி எடுக்கிறது) பண்ண கிளினிக்ல 800 வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டாங்களாம், நாய்க்கு முடி வெட்டுற கடையில மயக்க மருந்தே இல்லாம 80 வெள்ளிக்குச் சுரண்டித் தர்றேன்னு சொன்னாங்களாம். வாட்ஸ்அப்ல பதில் எழுத ஆரம்பிச்சேன், நீளமாப் போயிடுச்சி, சரி எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே போடுறேன்.

வேலை செய்யுது அக்கா. ஆனா அந்த டியூப்பக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருது. ரெண்டும் உண்மை.

மொதல்ல அந்த 80 வெள்ளி கதையை முடிச்சிடுறேன், ஏன்னா நானும் போயிருக்கேன், கடை பேரெல்லாம் வேணாம். மைலோவுக்கு அப்ப நாலு வயசு, கம்போங் நாய், அதாவது நம்ம தெரு நாய் தான், பினாங்கு ஜெலுத்தோங்ல எங்க வீட்டுப் பின்னாடி சந்துல கிடைச்சவன், வாயைத் திறந்தா மார்க்கெட் மூடின பிறகு மிச்சம் கிடக்குற மீன் வாசம். ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சிக்கிட்டாங்க, ஒருத்தர் கொக்கி மாதிரி ஒன்ன வச்சி காரையைச் சுரண்டினாரு, பல்லு பளபளன்னு ஆயிடுச்சி, நானும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுப் பெருமைப்பட்டேன். ஆறேழு மாசத்துல வலது பக்கமே மெல்ல மாட்டேங்குறான், பிஸ்கட் வாயிலேருந்து கீழ விழுது. 2021-ல கிளினிக்ல மயக்கம் குடுத்து எக்ஸ்ரே எடுத்தா, மேல வெள்ளை வெளேர்னு இருக்கிற பல்லுக்கு அடியில எலும்பு அரிச்சிப் போயிருக்கு. ரெண்டு பல்லு போச்சி, நாய்க்கு மொத்தம் 42, இவனுக்கு இப்ப 40. வெளிய தெரியிற காரை வெறும் அசிங்கம் தான், வியாதி ஈறுக்குக் கீழ இருக்கு, அங்க முழிச்சிக்கிட்டு இருக்கிற நாய் எவனையும் கை வைக்க விடாது. மயக்கம் குடுக்கிறது அதுக்குத் தான். மூச்சுக்குழாய்ல டியூப் போட்டுர்றாங்க, கழுவுற தண்ணி நுரையீரலுக்குள்ள போகாது. முன்னாடியே ரத்தம் எடுத்து கிட்னி, ஈரல் எல்லாம் பார்த்துட்டுத் தான் மயக்கமே. அதனால 800 கேட்டாங்கன்னா எக்ஸ்ரேயும் ரத்த டெஸ்ட்டும் சேர்த்தான்னு மட்டும் கேளுங்க, சேர்த்துன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க. எனக்கு அப்பவே பல் பிடுங்கினதோட 1,150 வெள்ளி ஆச்சி.

அந்த பில்ல கட்டிட்டு வெளிய வரும்போது டாக்டரம்மா தான் பிரஷும் இந்த பேஸ்ட்டும் எழுதிக் குடுத்தாங்க. தினமும் தேய்க்கணும், பல்லு மேல படியிற மாவு மாதிரி அழுக்கு ரெண்டு மூணு நாள்ல கல்லு மாதிரி இறுகிடும், இறுகினதுக்கப்புறம் எந்த பிரஷுக்கும் வராது, ஞாயித்துக்கிழமை மட்டும் தேய்ச்சா தேய்க்காததும் ஒன்னு தான்னாங்க.

இப்ப பேஸ்ட்டுக்கு வர்றேன். 70 கிராம் டியூப், 50 வெள்ளிக்கு மேல. சிக்கன் ஃபிளேவர். சும்மா வாசனை எசன்ஸ்னு தான் நெனச்சேன், பின்னாடி பொடி எழுத்துல பார்த்தா உள்ள நெசமாவே கோழி சேர்மானம் இருக்கு. மைலோவுக்கு அது அமிர்தம். எங்க வீடு சைவம். அதுலயும் வருஷா வருஷம் நான் தைப்பூசத்துக்கு காவடி எடுக்கிறவன், ஒரு மண்டலம், 48 நாள் விரதம். அம்மா அந்த நேரத்துல வெங்காயம் கூட உள்ள விட மாட்டாங்க. அந்த வீட்டுல ராத்திரி ஒம்பதரைக்கு நான் விரல்ல கோழியத் தடவிக்கிட்டு நாய் வாய்க்குள்ள விட்டுட்டு இருக்கேன். எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சிப் பாருங்க. அந்த வாசம் சோப்புக்குப் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது, மறுநாள் காலையில திருநீறு பூசக் கைய நெத்திக்குக் கொண்டு போனா லேசா கேஎப்சி வாசம். இதை எந்த ரிவ்யூலயும் எவனும் எழுதல லா.

அம்மா ஐடியா ஒன்னு சொன்னாங்க, "நம்ம பேஸ்ட்டயே போட்டா என்ன, அதுவும் ஒரு ஜீவன் தானே." போடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, அப்படியே முழுங்கும், நம்ம பேஸ்ட்டுல இருக்கிற ஃபுளோரைடு அதுக்கு வயித்துக்கு ஆகாது. சில பேஸ்ட்டுல இனிப்புக்கு ஸைலிட்டால் போடுறாங்க, அது நாய்க்கு விஷம், சர்க்கரை சடார்னு இறங்கி வலிப்பே வரும், ஈரலும் போகும். வீட்டுல யாராவது பாசத்துல செஞ்சிடப் போறாங்க, சொல்லி வைங்க. அப்புறம் அதே கம்பெனியில மால்ட்டு ஃபிளேவர் இருக்குன்னு வாங்கினேன், மைலோ மோந்து பார்த்துட்டு எழுந்து போயிட்டான். வெண்ணிலா புதினான்னு ஒன்னு. தும்மிட்டு அலமாரிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். 100 வெள்ளிக்கு மேல தண்டம்.

மொத வருஷம், 2022 தைப்பூசத்துக்கு முன்னாடி, அம்மா சொன்னாங்கன்னு 48 நாளும் தேய்க்கிறதயே நிறுத்திட்டேன். அக்கா, வேலை செய்யுதான்னு கேட்டீங்கள்ல, எனக்குப் பதில் கிடைச்சது அங்க தான். காவடி இறக்கிட்டு வந்து மறுநாள் உதட்டத் தூக்கிப் பார்க்கிறேன், மேல் வரிசையில கத்திரி மாதிரி இருக்கிற பெரிய கடவாப் பல்லுல ஈறு ஓரமா மஞ்சளா ஒரு கோடு, நகத்தால சுரண்டினா அசையல. அந்தப் பல்லு கிட்ட தான் எச்சில் சுரக்கிற ஓட்டை இருக்காம், அதான் காரை அங்க முதல்ல பிடிக்குது. லேசா பிரஷ் பட்டாலே ரத்தம். ஏழு மாசமா ரோஸ் கலர்ல இருந்த ஈறு ஒன்றரை மாசத்துல சிவந்து போச்சி. அந்த வாசமும் திரும்பி வந்துச்சி, அதை எங்க அம்மாவே கண்டுபிடிச்சாங்க.

அடுத்த வருஷம் புத்திசாலித்தனமா பேஸ்ட்டே இல்லாம வெறும் தண்ணியில பிரஷ நனைச்சித் தேய்க்கப் பார்த்தேன். டாக்டரம்மாவும் தப்பில்ல தான்னாங்க, அழுக்க எடுக்கிறது பிரஷோட உரசல் தான், பேஸ்ட்டு அதுக்குத் துணை தான். அப்ப நான் நாலு வருஷமா 50 வெள்ளி குடுத்து வாங்குறது லஞ்சம்! ஆனா லஞ்சம் இல்லாம அவன் வாயத் திறக்கலியே. மூணு நாள் தண்ணியில தேய்ச்சேன், நாலாவது நாள் பிரஷப் பார்த்ததும் உறுமினான், அஞ்சாவது நாள் பிரஷ ரெண்டாக் கடிச்சித் துப்பிட்டான். பேஸ்ட்டுக்குத் திரும்பினேன், கையுறை போட்டுக்கிட்டு, பின்கட்டு குழாயடியில, விரதக்காரன் வேஷ்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு. கோயில்ல ஒரு பெரியவர்கிட்ட இது தோஷமான்னு கூடக் கேட்டுட்டேன். "நீ சாப்பிட்டியா?"ன்னாரு. இல்லன்னேன். "அப்புறம் என்ன?"ன்னுட்டுப் போயிட்டாரு. அம்மாவுக்கு அந்த பதில் பத்தல.

மூடியையும் சொல்லியே ஆகணும். ஒரு மாசத்துல பேஸ்ட்டு டியூப் வாய்ல காய்ஞ்சி கெட்டியாயிடும், நம்ம பினாங்கு வெயிலுக்கு அது இன்னும் சீக்கிரம், அழுத்தினா ஓரமா வெடிச்சிச் சட்டையில அடிக்கும். 50 வெள்ளி வாங்குறவன் ஒரு நல்ல மூடி போடக் கூடாதா?

எதிர்பாக்காம வந்த நல்லதுன்னா கிச்சாப். எங்க கருப்புப் பூனை. அதுக்காக நான் ஒன்னுமே வாங்கல, பல்லப் பத்தி யோசிச்சதும் இல்ல. ஒரு நாள் மைலோவுக்கு முடிச்சிட்டு பிரஷக் கழுவப் போறதுக்குள்ள வந்து நக்க ஆரம்பிச்சா. டியூப்ல பார்த்தேன், பூனைக்கும் ஆகும்னு போட்டிருந்துச்சி. இப்ப தினமும் ஒம்பதரைக்கு ரெண்டும் குழாயடியில வரிசையா உக்காந்திருக்கு. அவளுக்குத் தனி குட்டி பிரஷ், வெளிப்பக்கம் மட்டும், பத்து செகண்டு தான் விடுவா. அப்படித் தேய்க்கும்போது தான் கீழ்த்தாடையில ஒரு பல்ல ஈறு மூடிக்கிட்டு வர்ற மாதிரி இருந்துச்சி, தொட்டா தாடை நடுங்குது. பூனைக்குப் பல்லு தானாவே கரையிற வியாதி ஒன்னு இருக்கு, அது தான். பிரஷ் அதைத் தடுக்காது, பல்ல எடுக்கிறது தான் வழி, எடுத்தாச்சி. ஆனா பேஸ்ட்டு இல்லன்னா அவ வாய நான் எதுக்குப் பார்க்கப் போறேன்.

இந்த அக்டோபர்ல மைலோவுக்கு வருஷாந்திர செக்கப். ஒம்பது வயசு நாய்க்கு இந்த ஈறான்னு டாக்டரம்மா கேட்டாங்க, ஸ்கேலிங் இப்போதைக்கு வேணாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க. கணக்குப் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு டியூப், நாலு வருஷத்துல ஸ்கேலிங் காச நான் பேஸ்ட்டாவே கட்டிட்டேன், அதையும் சொல்லிடுறேன், மிச்சம்னு நெனச்சி வாங்காதீங்க.

உங்களுக்கு வேணுமான்னா, மொதல்ல கிளினிக்ல ஸ்கேலிங் பண்ணுங்க, ஏற்கனவே இறுகிக் கிடக்குற காரை மேல எந்த பேஸ்ட்டத் தடவினாலும் வீண். அப்புறம் இந்த பேஸ்ட்டு... வாங்காதீங்க. கை நாறும், சட்டை நாறும், ராத்திரி ஒம்பதரைக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆத்துன டீ) குடிக்க வெளிய போக முடியாது, நாய் வாசல் கேட்டுகிட்ட நின்னு ஊளையிடும். எனக்கு ரெண்டு டியூப் நேத்து ஆர்டர் போட்டாச்சி, வர்ற தைப்பூசத்துக்கு விரதம் டிசம்பர்லயே ஆரம்பிச்சிடும். பார்சல் வந்ததப் பார்த்துட்டு அம்மா ஒன்னும் சொல்லல, கையுறை எங்கன்னு மட்டும் கேட்டாங்க.